செவ்வாய்க்கிழமை நோர்வேக்காரன்

பொறாமைக்கு ஒரு பரீட்சை வைத்தால் என் தம்பி நோபர்ட்தான் இலங்கையிலேயே முதலாம் இடம். இலங்கை என்றது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். மாத்தளை மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவுலயில் தொடங்கி ரிவர்ஸ்டன் உச்சி வரைக்கும் தேடினாலும் அவனுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடைக்காது. அதில் ஒரு சொட்டும் கூடுதல் இல்லை.

சின்ன வயதில் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கப் போன அன்று, பக்கத்தில் நின்ற பையனின் மெழுகுதிரி தன்னுடையதைவிட நேராக எரிகிறது என்று கோயிலுக்குள்ளேயே அதை ஊதி அணைத்தவன் அவன். எங்கள் அப்பா இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக் கொடுத்த மனிதர், மகனின் இந்த நோய்க்கு மட்டும் ஒன்றும் கலக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தார்.

வளர்ந்து தபாற்கந்தோரில் தந்தி வேலைக்குப் போனான் நோபர்ட். அந்த வேலை அவனுக்கு என்றே செய்து வைத்தது போல இருந்தது. ஊரில் யாருக்கு யார் என்ன செய்தி அனுப்புகிறார்கள் என்பது அவனுக்கு முதலில் தெரியும். ஆனால் வாய் திறக்கக்கூடாது. தந்திக்காரரின் சட்டம் அது: வாசிக்கலாம், பேசக்கூடாது. செய்தி போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து வராத தந்தி அவனுக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள். எண்பத்து மூன்று கலவரத்தில் நகரம் எரிந்து ஆட்கள் முகாமில் கிடந்தபோது, “உயிரோடு இருக்கிறோம்” என்ற ஒரே வரியை எத்தனையோ குடும்பங்களுக்காக அவன்தான் தட்டி அனுப்பினான். பிறகு அந்தக் குடும்பங்களில் பாதி கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே என்று போய்விட்டன. தந்தியும் மெலிந்தது. நோபர்ட் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

நானும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்ந்து, பிள்ளைகளைக் கரைசேர்த்து, அவனும் அவன் பெண்சாதி மரிய கொறற்றியும் இருந்த வீட்டின் பக்கத்து அறையில் வந்து இருந்தேன். ஆகவே இந்தக் கதையில் நான் கேள்விப்பட்டது கொஞ்சம், கண்ணால் கண்டது மிச்சம்.

கொறற்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் பாட்டுக்குழுவில் பாடியவள். அதே குழுவில் பஸ்தியாம்பிள்ளை என்று ஒரு வங்கி எழுதுவினைஞரும் பாடினார். நல்ல குரல், நல்ல உயரம், சட்டைக் கை மடிப்பே ஒரு அழகு. அவர் கொறற்றியைப் பெண் கேட்டார். கொறற்றியின் அப்பா, வங்கியைவிட அரசாங்க பென்சன் மேல் என்று நோபர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். கலியாணத்துக்குப் பஸ்தியாம்பிள்ளை ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அதைக் கேட்டு எழுதி எடுத்தது மாப்பிள்ளையின் சக வேலையாள். வாசித்துவிட்டு இரண்டு நாள் மொய்க்காசு வாங்கியவன் போலச் சிரித்துக்கொண்டு திரிந்தான். என்ன சிரிப்பு என்று நோபர்ட் கேட்கவில்லை. தந்திக்காரர் சட்டம். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் வயிற்றில் இருபது வருஷம் இருந்தது. பஸ்தியாம்பிள்ளை எண்பத்து மூன்றுக்குப் பிறகு நோர்வேக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது என் தம்பி கோயிலுக்கு ஒரு பெரிய மெழுகுதிரி நேர்ந்து ஏற்றினான். நேராக எரிந்தது.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், பாதைகள் திறந்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊர் பார்க்க வந்து போன அந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள், நோபர்ட்டுக்கு ஒரு ஆசை பிறந்தது. சிதறிப்போன சனங்களுக்காக ஒரு இணையத்தளம். பெயர் ‘மாத்தளை முற்றம்’. நகரத்தில் கணினிக் கடை வைத்திருந்த நுஹ்மான் அதைக் கட்டிக் கொடுத்தான். நோபர்ட் இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கட்டுரை எழுதினான். ‘மாத்தளைப் புகையிரதப் பாதையின் பூர்வீகம்’ என்று ஒன்று. அதை முழுதாக வாசிப்பதற்குள் மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதத்திலேயே போய்த் திரும்பிவிடலாம்.

கொறற்றி ஒருநாள் கணினியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, ஒரு படங்கூட இல்லாம யாருங்க வாசிப்பா?”

“இது அறிவுள்ளவங்களுக்கு.”

“அறிவுள்ளவங்களுக்குப் பசிக்காதா?”

அப்படித்தான் ‘கொறற்றியின் குசினி’ என்ற பக்கம் உண்டானது. பலாக்கொட்டைக் கறி, குரக்கன் பிட்டு, மாசிச் சம்பல், கருவாடு போட்ட கத்தரிக்காய். செய்முறை நாலே வரி. ஆனால் நுஹ்மான் கமராவோடு வந்து சட்டி சட்டியாக, பக்கத்தில் நிற்கும் கொறற்றியோடு சேர்த்து, படம் எடுத்துப் போட்டான். ஒவ்வொரு படமும் பெரிசு. அந்தக் காலத்து டெலிபோன் இணைப்பில் ஒரு பலாக்கொட்டைக் கறி திறந்து முடிவதற்குள் உண்மையான கறி வெந்து இறங்கிவிடும். இணைப்பு எடுக்கும்போது கணினிக்குப் பக்கத்து மோடம் பெட்டி கத்தும் கத்தலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒரு மாதம் முட்டை போடவில்லை. சரி, ஒரு கிழமை.

தளத்தின் அடியில் ஒரு எண்ணி இருந்தது. யார் வந்தாலும் ஒன்று கூடும். நோபர்ட் காலையில் எழுந்ததும் பல்லு விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பான். எண் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் நுஹ்மான் தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் உண்மையைப் போட்டு உடைத்தான்.

“சேர், நீங்க தொறந்து பாக்கிறதும் அதுல சேருது. பாதி நீங்கதான்.”

நோபர்ட்டின் முகம் கையெழுத்து வராத தந்தி மாதிரி ஆனது. “அப்போ உண்மையா யார் வர்றாங்கன்னு தெரிஞ்சுக்க வழி இல்லையா தம்பி?”

“இருக்கு. உங்க தளம் இருக்கிற சேர்வர் அமெரிக்காவுல. அது ஒவ்வொரு ஆள் வரும்போதும் ஒரு வரி எழுதி வைக்கும். எந்த எண்ணுல இருந்து வந்தாங்க, எத்தனை மணி, எந்தப் பக்கம், பக்கம் கெடைச்சுதா இல்லையான்னு. அந்த வரியெல்லாம் மனுசன் வாசிக்க ஏலாது. அதை அலசிக் கணக்காக் காட்ட ஒரு மென்பொருள் இருக்கு. போட்டுத் தரவா?”

வாங்கியவரின் கையெழுத்து! நோபர்ட் எழுந்து நின்றான். தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. அதைக் கொறற்றிதான் துடைத்தாள்.

அந்த மென்பொருளைப் போடுவதற்குள் நுஹ்மான் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் அமெரிக்காவிலிருந்து பதிவுக் கோப்பை இறக்க வேண்டும். பாதியில் டெலிபோன் அறுந்துவிடும். பிறகு அந்த வரிகள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலில் எண், பிறகு நேரம், பிறகு பக்கம் என்று. ஒழுங்கை ஒரு இடத்தில் மாற்றிப் போட்டுவிட்டான். வந்த அறிக்கையில், எங்கள் தளத்துக்கு வந்த நாடுகளின் இடத்தில் ‘பலாக்கொட்டை’ என்று விழுந்தது. எந்த எண் எந்த நாட்டுக்கு உரியது என்று சொல்லும் அட்டவணையையும் சேர்த்தான்.

கடைசியாக நோபர்ட் கேட்டான்: “நான் வர்றத மட்டும் கழிச்சிரு தம்பி.”

“அதுதான் சேர் கஷ்டம். டெலிபோன் இணைப்புல உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேற எண் விழும். ஒண்ணக் கழிச்சா நாளைக்கு இன்னொண்ணா வருவீங்க. ஒண்ணு செய்யலாம். இலங்கைக் கம்பெனி குடுக்கிற எண் வரிசை முழுசையும் கழிச்சிரலாம்.”

“அப்போ இலங்கையில இருந்து வர்ற மத்தவங்களும் போயிருவாங்களே.”

“போவாங்க.”

நோபர்ட் யோசித்தான். “போகட்டும். முற்றம் வெளிநாட்டுக்காரங்களுக்குத்தானே. இலங்கைய முழுசாக் கழி.”

இப்படியாக என் தம்பி ஒரு மத்தியானத்தில், கதிரையில் உட்கார்ந்தபடியே, நாடு முழுவதையும் கழித்துவிட்டான். இனி அறிக்கையில் யார் விழுந்தாலும் அவர் கடல் கடந்தவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிக்கை வந்த அன்று வீட்டில் நத்தார்ப் பண்டிகை மாதிரி. கலிபோர்னியாவில் ஒருவர் அவனுடைய கட்டுரைகள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், வாசித்திருந்தார்.

“அக்கா, வாங்க பாருங்க! பூர்வீகத்த முழுசா வாசிச்சிருக்கான்!”

நுஹ்மான் தலையைச் சொறிந்தான். “சேர், எல்லாத்தையும் ஒரே நிமிசத்துல வாசிச்சிருக்கு. அது ஆள் இல்ல. தேடுபொறி அனுப்புற ரோபோ.”

“ரோபோவா?”

“மனுசன் அதை முழுசா வாசிப்பானாடா?” என்றேன் நான். நோபர்ட் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ரோபோக்களையும் கழித்த பிறகு மிஞ்சியது என்ன தெரியுமா? குசினி. அட்டவணையின் தலையில் குசினி. கீழே, வெகு கீழே, அடித்தட்டில், புகையிரதம். ரொறொன்ரோவில் பலாக்கொட்டைக் கறி, மெல்பேர்னில் மாசிச் சம்பல், லண்டனில் கத்தரிக்காய். நோபர்ட் அறிக்கையை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று பகல் கொறற்றி பலாக்கொட்டை வைத்தாள். அவன் தட்டில் அதை ஓரமாக ஒதுக்கினான்.

“ஏன், உப்பு காணாதா?”

“ரொறொன்ரோக்காரங்ககிட்ட கேளு.”

கொறற்றி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

பெண்சாதியின் பக்கத்தின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே அவன் காலத்தைக் கழித்திருப்பான். அதற்குள் நோர்வே வந்தது.

ஒரு விடயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். லக்கலப் பக்கம், யானை வேலிக்கும் சேனைப் பயிருக்கும் நடுவில் இருந்த ஒரு கிராமத்தில், வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று கணினி நிலையம் திறந்திருந்தது. சிங்களம் பேசிப் படிப்பிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் கோயில் பாதரிடம் கேட்டார்கள். பாதர் நோபர்ட்டைக் கைகாட்டினார். செவ்வாய்க்கிழமை தோறும் ஜீப் வந்து ஏற்றிப் போகும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். படிப்பு தவறாமல் நடந்தது. நோபர்ட்டுக்கு அதில் பெருமை.

இரண்டாவது மாத அறிக்கையை அலசும்போதுதான் கண்டான். நோர்வே. ஒரே எண். செவ்வாய்க்கிழமை மட்டும். அமெரிக்க நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தான். தந்திக்காரனுக்கு அது விரல் நுனி. பகல் இரண்டு மணி. முதலில் முன்பக்கம். பிறகு புகையிரதக் கட்டுரையில் ஒரு நிமிடம். பிறகு நேரே குசினி. குசினிக்குள் போனால் வெளியே வருவதே இல்லை. கறி கறியாக, படம் படமாக, திரும்பத் திரும்ப.

வாசிக்கலாம், பேசக்கூடாது. ஆனால் மூக்கு நுனி வெளுத்துவிட்டது. அந்த மூக்கை நான் மெழுகுதிரி அணைத்த நாளில் இருந்து அறிவேன். அவன் பின்னால் போய் நின்று திரையை வாசித்தேன்.

“டேய், நோர்வேயில நமக்குத் தெரிஞ்சவங்க யாருடா இருக்காங்க?” பதில் எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

“நீங்க போய்ப் படுங்க அக்கா.”

“மத்தியானத்துல என்னடா படுக்கை?”

“செவ்வாய்க்கிழமை நான் எங்க போறேன்?” என்றான் திடீரென்று.

“லக்கலைக்கு.”

“நான் வீட்டுல இல்லாத நாள். நான் இல்லாத மணித்தியாலம். அவனுக்கு எப்படித் தெரியும்?” குரலைத் தாழ்த்தினான். “என் கட்டுரையில ஒரு நிமிசம் கால் வைக்கிறான் அக்கா. மரியாதைக்கு. வீட்டுக்காரன்கிட்ட ‘சுகமா இருக்கீங்களா’ன்னு கேட்டுட்டு, நேரே குசினிக்குள்ள போறான்!”

“கொறற்றியக் கேளேன்.”

“தந்தி வாசிச்சவன் கேக்க மாட்டான்.”

கேட்கவில்லை. சோதித்தான். அடுத்த செவ்வாய் ஜீப் வந்தபோது காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டான். படிப்பிக்க வேறு ஆள் இல்லாததால் லக்கலயில் அன்று நிலையமே திறக்கவில்லை. பகல் முழுவதும் போர்த்திக்கொண்டு குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து கொறற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாவம், மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சலே இல்லையே.”

“உள்காய்ச்சல்.”

மறுநாள் பதிவுக் கோப்பை இறக்கி அலசினான். செவ்வாய்க்கிழமை நோர்வே வரவில்லை.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். என் தம்பி அட்டவணையை என் முன்னால் போட்டுத் தட்டினான். “பாத்தீங்களா? நான் வீட்டுல இருந்தா வர மாட்டேங்கிறான். தகவல் போகுது!”

அதற்கு அடுத்த செவ்வாய் லக்கலைக்குப் போனான். நோர்வே வந்தது. முன்பக்கம், ஒரு நிமிடம் புகையிரதம், பிறகு குசினி. வாரக்கணக்கில் பசித்தவன் போல, எல்லாக் கறியையும் இரண்டு தடவை. “அங்க அது காலைநேரம்,” என்றான் நோபர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு. “வேலை நேரத்துல, சம்பளம் வாங்கிக்கிட்டு, என் பெண்சாதி வச்ச கறியப் பாக்கிறான்.” அன்று இரவே ‘கொறற்றியின் குசினி’யைத் தளத்திலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டான்.

கொறற்றிக்கு அது தெரிய வந்தது ரொறொன்ரோ வழியாக. தங்கச்சி மகள் டெலிபோன் எடுத்து, பக்கத்தைக் காணோமே என்றாள். நோபர்ட்டைக் கேட்டால், சேர்வர் பழுது என்றான். கொறற்றி குடையை எடுத்துக்கொண்டு நுஹ்மானின் கடைக்கு நடந்தாள். “சேர்வர் நல்லாத்தானே இருக்கு டீச்சரம்மா வீட்டு அன்ரி,” என்று அவன் சொல்லிவிட்டான். பொய் சொல்லத் தெரியாத பையன், வியாபாரத்துக்கு உதவாதவன்.

அன்று பகல் மேசையில் எனக்குச் சோறும் கறியும் இருந்தன. நோபர்ட்டின் தட்டில் மடித்த தாள் ஒன்று இருந்தது. விரித்தான். ‘மாத்தளைப் புகையிரதப் பாதையின் பூர்வீகம்.’

“இது என்ன?”

“உங்க பக்கந்தானே வேணும். சாப்பிடுங்க.”

“கொறற்றி!”

“நீளமாத்தான் இருக்கு. வயிறு நெறையும்.”

அப்போதுதான் வெடித்தான். நோர்வே, செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி, ஒரு நிமிடம், பஸ்தியாம்பிள்ளை என்று ஒரே மூச்சில் கொட்டினான். தந்திச் சட்டம் அன்றோடு முறிந்தது. கொறற்றி முதலில் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. நாற்பது வயது தாண்டிய பிறகும் அழகு குறையாத அந்த முகம் கல்லாகிவிட்டது.

“எத்தன நாளா இத மனசுல வச்சுக்கிட்டு நான் போட்ட சோத்தத் தின்னீங்க?”

“நான் கேக்கல…”

“கேட்டிருக்கணும்! ஒரு சொல்லு கேட்டிருந்தா இல்லன்னு ஒரு சொல்லுல முடிஞ்சிருக்கும். அமெரிக்காக்காரன்கிட்ட கேட்டீங்க. மிசினுகிட்ட கேட்டீங்க. குசினியில நிக்கிற என்கிட்ட கேக்கல.” என் பக்கம் திரும்பினாள். “மதினி, சனிக்கிழமை நான் இரத்தோட்டைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பக்கத்தப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. வர்றது எப்போன்னு தெரியாது.”

நோபர்ட் இறங்கி வரவில்லை. பொறாமைக்காரனுக்கு வீடு இடிந்தாலும் தான் சரி என்பதுதான் முக்கியம். இடையில் வந்த செவ்வாய்க்கிழமை வீம்புக்கு லக்கலைக்குப் போய்வந்தான். மறுநாள் பதிவை அலசிவிட்டு என்னைக் கூப்பிட்டான். அவன் கண்ணில் தெரிந்த சந்தோஷத்தை நான் அவன் கலியாணத்தன்றும் கண்டதில்லை.

“பக்கம் காணோம், பக்கம் காணோம்னு சேர்வர் எத்தன தடவை சொல்லியிருக்குன்னு பாருங்க. தட்டுறான், தட்டுறான், தட்டிக்கிட்டே இருக்கான். துடிக்கிறான் அக்கா, நோர்வேயில!”

சனிக்கிழமை விடிந்தது. கொறற்றி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். நோபர்ட் உள்ளே கதிரையில், பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தான். அவள் போய்விடுவாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், பத்திரிகைக்கு மேலால் பெட்டியை எட்டி எட்டிப் பார்த்தான். நான் கொறற்றியின் கையைப் பிடித்துக்கொண்டு, இரத்தோட்டை பஸ் பழுதாகிப்போய்க் கிடக்கிறது, சாரதிக்கு அம்மை, பாதையில் மரம் விழுந்திருக்கிறது என்று மூன்று பொய் சொல்லி வைத்திருந்தேன். நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது.

ஒரு இளம் பெண். பின்னால் இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள். இளம் பெண்ணின் இடுப்பில், குழந்தையை வைத்திருப்பதுபோல, ஒரு பூசணிக்காய். அந்தப் பூசணிக்கு லக்கல பஸ்ஸில் தனியாக ஒரு சீற் கொடுத்திருப்பார்கள், அவ்வளவு பெரிசு.

“நோபர்ட் சேரின் வீடு இதுதானே?” என்று சிங்களத்தில் கேட்டாள். பிறகு கொறற்றியைப் பார்த்தவள் அப்படியே நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பூசணியைப் பின்னால் நின்றவள் பிடித்ததால் தப்பியது. “அனே! படத்தில் இருக்கிற நோனா!” நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி, அம்மணி.

அவள்தான் சோமலதா. லக்கல கணினி நிலையத்தைச் செவ்வாய்க்குச் செவ்வாய் திறந்து பூட்டுகிறவள். மற்ற இருவரும் நோபர்ட்டின் மாணவிகள். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். அவர்கள் சிங்களத்தில் மாறி மாறிச் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

நோபர்ட் சேர் வந்ததும் இணையத்தளம் என்றால் என்ன என்று காட்டத் தன்னுடைய தளத்தையே திறப்பார். புகையிரதக் கட்டுரையைத் திறந்து கொஞ்ச நேரம் பெருமையாக நிற்பார். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிறகு “தட்டிப் பழகுங்கள்” என்று சொல்லிவிட்டு, ஜீப் சாரதியோடு எதிரே இருக்கும் கடைக்கு வெறுந்தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். போன கையோடு எல்லோரும் படம் இருக்கும் ஒரே பக்கத்துக்குப் போவார்கள். குசினி. எழுத்து புரியாது, ஆனால் சட்டியில் எது எப்போது விழுகிறது என்பது படத்தில் தெரியும். அதைப் பார்த்தே லக்கலயில் இப்போது பலாக்கொட்டைக்குத் தேங்காய் வறுத்து அரைக்கிறார்கள்.

“சேரின் செருப்புச் சத்தம் கேட்டால் மூடிவிடுவோம்,” என்றாள் சோமலதா. “தட்டிப் பழகாமல் சாப்பாடு பார்த்தோம் என்று ஏசுவார் என்று பயம். போன செவ்வாய் பக்கம் இல்லை. தட்டித் தட்டிப் பார்த்தோம், வரவே இல்லை. நோனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்க்கத்தான் வந்தோம்.”

உள்ளே பத்திரிகை கீழே விழுந்த சத்தம் கேட்டது.

“மகள்,” என்று நான் சிங்களத்தில் கேட்டேன், “உங்கள் நிலையத்துக்கு டெலிபோன் கம்பி இருக்கிறதா?”

“லக்கலைக்கு எங்கே அம்மா கம்பி? கூரையில் வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய அன்ரெனாத் தட்டு இருக்கிறது. நோர்வேக்காரர்கள் கொண்டுவந்து பூட்டியது.”

நுஹ்மானை ஆள் அனுப்பி அழைப்பித்தேன். வந்தவன் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். “டீச்சர், லக்கலயில தட்டுறது வானத்துச் சற்றலைற்றுக்குப் போகும். வானத்துல இருந்து நோர்வேயில எறங்கும். அங்க இருந்து அமெரிக்கா. அந்தத் தட்டுக்குக் குடுத்த எண்ணு நோர்வே எண்ணு. இலங்கைய நாம முழுசாக் கழிச்சோம். லக்கல மட்டும் கழியாம நோர்வேயா நின்னிருச்சு!”

நோபர்ட் மெல்ல வெளியே வந்தான். பஸ்தியாம்பிள்ளை மேலிருந்த சந்தேகம் போனதற்குச் சந்தோஷப்படுவான் என்று நினைத்தால், முகம் இன்னும் தொங்கியது.

“அப்போ என் கட்டுரையில அந்த ஒரு நிமிசம்…”

“அதுவும் நீங்கதான் சேர்,” என்றான் நுஹ்மான்.

கொறற்றி அப்போதுதான் சிரித்தாள். தோளில் கிடந்த சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கதிரையில் விழுந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். நுஹ்மானும் சிரித்தான், நானும் சிரித்தேன், விடயம் புரியாத லக்கலப் பெண்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். நோபர்ட் நடந்து போய், வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். டெலிபோன் பெட்டி கத்தியது. கோழிகள் ஓடின. குசினி திரும்ப ஏறியது.

“இனிமே கேப்பீங்களா?” என்றாள் கொறற்றி, அவன் பின்னால் நின்று.

“கேப்பேன்.”

“மிசின?”

“ஒன்னைய.”

பூசணிக்காயைப் பால் விட்டுச் சமைத்தோம். தெருவே சாப்பிட்டது, மிச்சம் அடுத்த தெருவுக்கும் போனது. அதற்கு அடுத்த செவ்வாயிலிருந்து கொறற்றியும் ஜீப்பில் ஏறினாள். லக்கலப் பெண்களுக்குப் படத்தில் காட்டியது போதாது, நேரே நின்று சமைத்துக் காட்ட வேண்டும் என்று அந்த யானைக் காட்டுப் பாதையில் கிழமை தவறாமல் போய்வந்தாள். சேவை மனம் என்றால் அதுதான்.

இவ்வளவையும் எழுதி முடித்து, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி நோபர்ட்டிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தான். தன்னைப் பற்றியதென்றால் ரோபோவைவிட வேகம். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினான்.

“மத்ததெல்லாம் இருக்கட்டும் அக்கா. மொதல் வரி பிழை.”

“அதுதான் கூடுதல்னு அங்கேயே ஒத்துக்கிட்டேனேடா.”

“கூடுதல் இல்ல, பிழை. முதலாம் இடம் எனக்கில்ல.” குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அந்தச் சோமலதா முழங்கால் வரைக்கும் தொங்குற சடையோட கேட்டுல வந்து நின்னாள்ல? விருந்தாளிங்க பஸ் ஏறின கையோட கொறற்றி என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி, ‘இந்தப் புள்ளைக்கா செவ்வாய்க்குச் செவ்வாய் படிச்சுக் குடுக்கிறீங்க?’ன்னு. சமைச்சுக் காட்டவா ஜீப்புல ஏறினா? ஒரு செவ்வாய்கூட அடுப்பு மூட்டல. வகுப்புல கடைசி வாங்குல குந்திக்கிட்டு, என்னையும் அந்தச் சடையையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே இருந்தா. எனக்குக் கடைத் தேத்தண்ணியும் போச்சு, களவாக் குடிச்ச சிகரட்டும் போச்சு. முதலாம் இடம் அவதான். எனக்கு ரெண்டாமிடம்னு திருத்துங்க.”